மாப்பிள்ளை தேடிப் போன எட்டு நாள்

கார் வாங்கினவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். நாங்கள் மாப்பிள்ளை பார்க்கப் போனோம். முப்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. கண்டியில் எங்கள் புடவைக் கடை இருந்த தெரு சிங்களப் புத்தாண்டுக்காக மூடிக் கிடந்தது. வாங்குகிற சனமெல்லாம் கிராமங்களுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் சும்மா இருக்க என் மனிசனுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடம் பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு மாதம் ஓட்டப் பழகி, எங்கள் மதிலில் மூன்று முறை இடித்து, இனி நாடு முழுக்க ஓட்டலாம் என்று தானே முடிவு கட்டிவிட்டார்.

மூத்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் ஆட்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடிப் போகவேண்டும். பதுளையில் ஒன்று, அம்பாந்தோட்டையில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் பேச்சு வந்திருந்தது. "ஒரே சுத்தில மலையும் பாக்கலாம், வெளியும் பாக்கலாம், பட்டணமும் பாக்கலாம்" என்றார், ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆறு பிள்ளை பெற்றிருந்தேன். மலை வேண்டாம், வெளி வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு நாள் தூங்க விட்டால் போதும் என்று இருந்தது. அதைச் சொன்னால் அவருக்கு விளங்குமா என்ன?

நான் போகாமலும் முடியாது. ஆண்கள் முன்மண்டபத்தில் கதிரை போட்டுப் பேசுவார்கள். ஆனால் பேச்சு முடிவது உள்வீட்டில், பெண்களுக்குள். பெண்ணைப் பெற்றவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் முன்மண்டபத்தில் பாத்திஹா ஓதிப் பேச்சை உறுதி செய்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக என்னையும் காரில் ஏற்றினார்.

மகளுக்கு இதெல்லாம் தெரியும். திரை கட்டிய ரிக்ஷாவில் அவள் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் விட்டால் சோதனை பாஸ் பண்ணிவிடுவாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கேட்டது அந்த இரண்டு வருஷத்தைத்தான். புறப்படுகிற அன்று சுபஹ் தொழுதுவிட்டு நான் முசல்லாப் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மா, ஒரு இடத்திலயும் சரிண்டு ஒரு வார்த்த செல்லாதீங்க. போங்க, பேசுங்க, சாப்பிட்டுட்டு வாங்க. அத மட்டும் செல்லாதீங்க."

"செல்ல மாட்டன்."

"மெய்யாவா?"

"செல்ல மாட்டன் எண்டா செல்ல மாட்டன். எத்தின தரம் கேப்பாய்?" என்று எரிந்து விழுந்தேன். புறப்படுகிற அவசரம். என் தங்கை வந்து பிள்ளைகளைப் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

காரின் ஜன்னல்களுக்குத் திரை தைத்தவள் நான்தான். கடையிலிருந்த தடித்த பச்சைத் துணி. எங்கள் பெண்கள் அப்படித்தான் போவோம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை துணியில்தான். இவ்வளவு தடித்த துணியை எடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். உள்ளே பெற்றோல் மணம், சூடான தோல் ஆசனத்தின் மணம், பின்னாலே கட்டியிருந்த தொதல் இனிப்புப் பெட்டியின் மணம். எட்டு நாளும் நான் பார்த்தது பெரும்பாலும் முன்னாலே இருந்த என் மனிசனின் பிடரியைத்தான்.

கம்பளை வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அங்கே தெரிந்த கடையொன்றில் நிறுத்தி இஞ்சித் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு மலை ஏற ஏற, குடித்தது சாப்பிட்டது எல்லாம் என்னிடம் இருக்க மாட்டேன் என்றது. இறம்பொடை வளைவுகளில் தேசிக்காயை முகர்ந்துகொண்டு, மடியில் தகரப் பேணியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தேன்.

"இந்தா, தண்ணி விழுகிது பாரு! எவ்வளவு ஒசரம்!" என்றார் அவர்.

"நீங்க ரோட்டப் பாருங்க. நான் பேணியப் பாத்துக்கொள்றன்."

இரண்டு மைலுக்கு ஒரு தடவை காரின் மூக்கில் ஆவி கிளம்பும். அவர் இறங்கி வாளியோடு தண்ணீர் தேடிப் போவார். நான் திரைக்குள்ளே இருப்பேன். நுவரெலியாவில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு இரவு. குளிரில் பல்லுக்குப் பல் அடித்தது. அங்கேயும் தூக்கம் இல்லை.

பதுளை வீட்டார் நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெண்ணின் உம்மா வந்திருக்கிறாள் என்று தெருவிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி போக ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் சலாம் சொல்லி, பிள்ளைகள் எத்தனை என்று சொல்லி, ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துத் தின்னவேண்டும். தின்னாவிட்டால் குறை. இரண்டு இரவும் அப்படியே போயிற்று. மாப்பிள்ளையின் உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டைப் புகழ்ந்தேன், தின்னக் கிடைத்த பலகாரத்தைப் புகழ்ந்தேன், வீட்டுப் பூனையைக்கூடப் புகழ்ந்தேன். சரி மட்டும் சொல்லவில்லை.

"என்ன குறை கண்டாய்?" என்று காரில் ஏறியதும் அவர் கேட்டார்.

"குளிர். புள்ளைக்கு நெஞ்சுச் சளி வரும்."

வெல்லவாயப் பக்கம் மலை இறங்கியதும் சூடு எங்களை வந்து பிடித்துக்கொண்டது. மைல் கணக்கில் முள்ளுப் பற்றையும் புழுதியும். திரைக்குள்ளே நான் வெந்துபோனேன். அம்பாந்தோட்டை வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உவர். குளித்தாலும் குளித்த மாதிரி இல்லை. இரவு முழுக்க நுளம்பு. இங்கேயும் பெண்கள் வந்தார்கள், தட்டுகள் வந்தன. மாப்பிள்ளையின் உம்மா இரண்டு தடவை நேராகவே கேட்டார். "அல்லாஹ் நாடினா நடக்கும்" என்று நழுவினேன்.

"இப்ப என்ன குறை?"

"வெயில்."

காரை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். எங்கள் பயணத்தில் அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அவருக்கும் கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"குளிரும் ஏலா, வெயிலும் ஏலா. குளிரும் வெயிலும் இல்லாத ஊர்ல எவன் இருக்கிறான், செல்லு?"

"அவள் இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டுமே."

"ஆரு வேணாம் எண்டது? பேச்ச முடிச்சி வச்சா போதும். மத்ததெல்லாம் பொறகு."

அந்தப் பொறகு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பேச்சு முடிந்த அடுத்த கிழமையே, இனிப் பெண் வெளியே போவது நல்லதில்லை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரும். என் விஷயத்திலும் அப்படித்தான் வந்தது. அவரிடம் அதைச் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. சாய்ந்துகொண்டேன்.

மாத்தறைக்கு இந்தப் பக்கம் சில்லு வெடித்தது. நடு வெயில். அவர் சில்லைக் கழற்றிக்கொண்டு ஒட்டுப்போட ஆள் தேடிப் போய்விட்டார். காரைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். நான் மூச்சு விடாமல் குந்திக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம். மறுபக்கத்துத் திரையைக் கொஞ்சம் நீக்கினால் கடல். என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தேன். பெரிசாக இருந்தது. தலை வலித்தது. திரையை விட்டுவிட்டேன். அன்றிரவு காலியில் யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்து அறையில் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போக மறுத்தன.

கொழும்பு வீட்டுக்கு மறுநாள் நண்பகல், லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். நெருக்கமான ஒரு சந்தில் மாடி வீடு. கார் கதவைத் திறந்து என்னைக் கைபிடித்து இறக்கியவர் மாப்பிள்ளையின் உம்மாதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம், ஆனாலும் மரியாதைக்கு என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்றார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கூடியிருந்த பெண்களை எல்லாம், "ராத்தா களைச்சிப் போய் வந்திரிக்கிறாங்க, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். யா அல்லாஹ், அந்த ஒரு சொல்லுக்கே அழுகை வந்துவிட்டது. ஆறு நாளில் என்னிடம் ஒரு துண்டு பலகாரமும் நீட்டாத முதல் பெண் அவர்.

வெந்நீர் வைத்துத் தந்தார். குளித்தேன். தொழுதேன். மாடியில் ஓர் அறை, வெளுத்த சீலை விரித்த கட்டில், பாதி சாத்திய ஜன்னல், கடல் காற்று. உட்கார்ந்ததுமே கண் சொருகியது. அவர் வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"தொல்ல தாறன் எண்டு நெனைக்கக் கூடாது ராத்தா. கீழ கேக்கிறாங்க. ஒங்களுக்குச் சரிதானே?"

"சரி, சரி" என்றேன்.

என்னவென்று விளங்காமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பொய் சொல்லமாட்டேன். விளங்கியது. மகளின் முகமும் ஒரு கணம் வந்தது. இல்லை என்றால் இன்னும் பேசவேண்டும், காரணம் சொல்லவேண்டும், சிரிக்கவேண்டும், இறங்கிப் போய்க் காரில் ஏறவேண்டும். சரி என்றால் படுக்கலாம். படுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

பிற்பகல் அஸருக்கு விழித்தபோது கீழே ஆண்கள் பலர் சேர்ந்து ஆமீன் சொல்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் மனிசன் வாயெல்லாம் பல்லாக மேலே வந்தார். "குளிரும் வெயிலும் இல்லாத ஊரக் கண்டுபிடிச்சிட்டாய்!" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் தங்கிவிட்டு, எட்டாம் நாள் கண்டிக்குத் திரும்பினோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பேணியை மடியில் வைத்துக்கொண்டு, மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் மேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கம் கெட்ட புத்தி.

வீடு வந்து சேரப் பொழுதுபட்டு மஃரிப் ஆகிவிட்டது. சின்னதுகள் தொதல் பெட்டி மேல் விழுந்தன. மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். கேட்டிருந்தால் ஏசியாவது தப்பித்திருப்பேன். கேட்காமல் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"மகள், செல்லிட்டன்" என்றேன். "கொழும்பில. களைப்பில செல்லிட்டன்."

துணியைப் பிடித்திருந்த கை நின்றது. பிறகு மறுபடி நனைத்துப் பிழிந்து, மற்றக் காலுக்கு வைத்தாள்.

"பரவாயில்ல உம்மா. நீங்க தூங்குங்க."

அவள் கோபித்திருக்கலாம். அழுதிருக்கலாம். பதின்மூன்று வயதில் என் பிள்ளை என்னைப் போலவே பேசினாள். எதற்கும் பரவாயில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு நேரே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன். என் மனிசன் பனியனோடு வெளியே ஓடிவந்தார்.

"என்ன இது? எங்க போற?"

"கொழும்புக்கு. நான் சென்ன சரிய நான்தான் போய்த் திருப்பி வாங்கோணும்."

"பைத்தியமா உனக்கு? பாத்திஹா ஓதின பேச்சு!"

"ஓதினது நீங்க. அந்நேரம் நான் நித்திரை."

"அவங்கட மூஞ்சில எப்பிடி முழிக்கிற?"

"நான்தானே முழிக்கப் போறன். நீங்க ஓட்டுங்க."

கத்தினார். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு தெரு கேட்க நான் கத்தியது அதுதான் முதல் தடவை. காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கடைசியில் உள்ளே போய் சட்டையை மாட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காரின் மூக்கில் ஊற்றினார். கொழும்பு வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். நான் வழியில் மூன்று தடவை சத்தி எடுத்தேன்.

அந்த உம்மா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் பயந்துபோனார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். உங்கள் மகனில் குறையில்லை, உங்களில் குறையில்லை, உங்களைப் போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை, என் பிள்ளை இரண்டு வருஷம் கேட்டாள், தூங்கவேண்டும் என்பதற்காக நான் அதைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று. ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்றார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"என்னையும் பதின்மூணுலதான் முடிச்சிக் குடுத்தாங்க" என்றார் கடைசியில். "எங்கட உம்மாவும் களைச்சித்தான் இருந்திருப்பாங்க. ஆனா இப்பிடித் திருப்பி வாங்க வரல்ல."

எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். முன்மண்டபத்துக் கதவின் பின்னால் போய் நின்று, தன் மனிசனைக் கூப்பிட்டார்.