நாயின் உரிமையாளர்

நிலம் யார் பேரில் இருந்தாலும், அதில் உண்மையாகச் சாகுபடி செய்கிறவர் யார் என்று நேரில் பார்த்துத்தான் அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் எழுத வேண்டும். விதி அவ்வளவுதான். வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவனைப் பயிர் வைத்தவனாக எழுதிக்கொண்டு வந்த கணக்குகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டு நாய்க்கு அதே விதியைப் பொருத்திப் பார்க்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நாயை வாங்கி வந்தவன் என் மகன். தடுப்பூசிப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியவன் நான். பினாமி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த வருடமே அவன் மஸ்கட் போய்விட்டான். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக அதற்குச் சோறு வைத்தது என் மனைவி, உண்ணி பிடுங்கியது நான். உரிமையாளர் மாதம் ஒரு முறை வீடியோவில் அதைக் கூப்பிட்டு வாலாட்டச் சொல்வார்.

சம்பா நடவு முடிந்த வாரம் அதன் ஆசனவாய் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டியைப் பார்த்தேன். குத்தாலம் போகும் சாலையில் தனியாக மருத்துவமனை வைத்திருக்கும் பெண் டாக்டரிடம் கொண்டுபோனோம். விதை நீக்காத வயதான ஆண் நாய்களுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்றார்.

“ஆண் ஹார்மோனைத் தின்னு வளர்ற கட்டி சார். கட்டியை மட்டும் எடுத்தா திரும்பவும் வரும். விதையையும் சேத்து எடுத்துடணும். இப்பவே பண்ணிட்டா சின்ன வேலை.”

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். “ஓனர் கையெழுத்து இங்க.”

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். “ஓனர் மஸ்கட்ல இருக்காரு.”

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தாள்.

“அப்ப அவரைக் கேட்டுட்டு வாங்க சார்,” என்றார் டாக்டர்.

அன்றே மகனுக்கு எழுதினேன். அலுவலகக் கடிதம் மாதிரி பொருள், பார்வை எல்லாம் போட்டு, நான்கு பத்திகள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்கவில்லை. இரவு பதில் வந்தது. “ஆம்பளை நாய்ப்பா. பாவம். யோசிச்சுச் சொல்றேன்.” எடுக்கப் போவது அவனுடையது இல்லை என்று எழுதி, பிறகு அழித்துவிட்டேன். அதன்பின் தீபாவளி வாழ்த்து அனுப்பினான், கடற்கரையில் மீன் சுட்ட படம் அனுப்பினான். யோசனையின் முடிவை மட்டும் அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டு வேலி நிலம் சொந்தம். செய்தி அவர் காதுக்கு எப்படியோ போய், வேலியோரம் வந்து நின்றார்.

“என்ன சார், அதைப் போயி… ஆம்பளை ஜீவன் இல்லீங்களா?”

“உங்க வீட்டுல உழவு மாடு இருந்துச்சே, அதுங்களுக்கு யாரு காயடிச்சது?”

“அது மாடு சார். ஏர்ல பூட்டணும்ல?”

“கீழ தள்ளிக் காலைக் கட்டி, இடுக்கியால நசுக்குனீங்க. மயக்க ஊசி போட்டீங்களா?”

“அந்தக் காலத்துல ஏது சார் ஊசி?” என்றார். பேசும்போதே அவருடைய இரண்டு கைகளும் வேட்டியின் முன்பக்கத்துக்கு வந்து காவல் நின்றுவிட்டன. இப்படி வந்து துக்கம் விசாரித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒருவர்கூட நாயின் பின்பக்கத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் கவலையெல்லாம் அதற்குச் சில அங்குலம் முன்னால் இருந்தது.

மார்கழியில் கட்டி உடைந்தது. நாய் கொல்லையில் முக்கி முக்கி நின்று, முடியாமல் ஊளையிட்டது. தரையெல்லாம் ரத்தச் சொட்டு. நான் மகனுக்கு மூன்றாவது நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தேன்.

“கையெழுத்துதானே? நீங்க போட்டா என்ன?” என்றாள் மனைவி.

“அடுத்தவன் கையெழுத்தைப் போட்டா மோசடி.”

“சரி. செத்துப்போச்சுன்னா, விதிப்படி செத்துச்சுன்னு எழுதி அவனுக்கு அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு போன் செய்தாள்.

போகும் வழியில்தான் அடங்கல் என் நினைவுக்கு வந்தது. மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். ஒன்பது வருடமாக நாய் எங்கள் கைவசமாக, எங்கள் அனுபவத்தில் இருந்து வருவதால் உரிமையாளர் பெயரை மாற்றித் தருமாறு கேட்டிருந்தேன். டாக்டர் அதைப் படிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, மகன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே என் பெயரை எழுதினார்.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான் சார். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேன். நீங்க ஓனர் வேற ஆளுன்னு அடிச்சுச் சொன்னீங்க.”

எந்த அலுவலகமும் என்னை அலைக்கழிக்கவில்லை. எதிரே மனுதாரர் இல்லாதபோதும் நானே அலுவலகமாக உட்கார்ந்து, என் கோப்பை நானே நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைவிட நான் எந்த வகையில் மேல் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவராவது தன் பயத்தைக் கையால் காட்டிவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக்குப் பின் மறுநாள் வெறும் வயிற்றில் மயக்க ஊசி போட்டார்கள். விதை எடுப்பது சீக்கிரம் முடிந்தது. கட்டிதான் நேரம் பிடித்தது. அது ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத் தசைக்குள் இறங்கியிருந்ததால் தசையிலும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது என்றார் டாக்டர். நடவு சமயத்தில் செய்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாய் பிழைத்தது. ஆனால் அடக்க முடியாமல் நடக்கும்போதே கழிந்துவிடுகிறது. அப்போதெல்லாம் காதை மடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறது. வெந்நீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போகிறேன். அந்த வேலையை மனைவி எனக்கென்றே ஒதுக்கிவிட்டாள்.

தையல் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. துணியை அலசிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. “யோசிச்சேன்ப்பா. ஓகே, பண்ணிடலாம்,” என்று எழுதியிருந்தான் மகன். அன்று போகி.