தேங்காய் எண்ணெய் குடித்த ரைஃபிள்

இரண்டு வருடம் நான் காபி குடிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவில்பதாகையில் எங்கள் ஃப்ளாட்டில், பீரோவுக்கு மேல் ஓர் ஏர் ரைஃபிள் இருக்கிறது. குழலை மடக்கிக் குண்டு போடும் ஸ்பிரிங் வகை. என்னுடையதுதான். நாற்பத்திரண்டு வயதில், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும் என்று யாரோ சொல்லப்போய், திருமழிசையில் ஒரு ஷெட்டில் நடக்கும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். பொழுதுபோக்குக்குச் சேர்ந்தவளுக்கு வெறி பிடித்துவிட்டது. கிளப் அணியில் நான்கு இடம். அதில் ஒன்று எனக்கு வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அணித் தேர்வு எப்போதும் விஜயதசமியன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் குறி அட்டையின் நடுவிலேயே போடும் நான், அன்றைக்கு மட்டும் சொதப்புவேன். ஒரு குண்டு இடது மூலைக்கு, அடுத்தது வலது மூலைக்கு. எல்லாம் முடியும் தறுவாயில்தான் நடுவுக்கு வரும். பதற்றம், கை நடுங்குகிறது என்று நானே முடிவு கட்டினேன். முதல் தோல்விக்குக் காபியை விட்டேன். இரண்டாவதற்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தேன். காலையில் என் கணவர் காபி ஆற்றும் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மூன்றாவது தேர்வில் முதல் குண்டைச் சுட்டதும் வெடி போட்ட மாதிரி சத்தம். குழல் முனையில் புகை. குண்டு அட்டையின் மேல் விளிம்பைக் கிழித்திருந்தது. ஷெட் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை.

பக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சினார். "யார் ஊட்ல அப்பளம் பொரிக்கிறாங்கோ?"

பயிற்சியாளர் வந்து குழலுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, துப்பாக்கி எட்தாந்தியா, வாணலி எட்தாந்தியா? யாரு எண்ணெ வுட்டது?"

"நான் இல்லை சார்."

பின்னால் பெஞ்சிலிருந்து என் கணவர் பெருமையாக எழுந்தார். "நான்தான் சார். ஆயுத பூஜையாச்சே! வண்டி, மிக்ஸி, லேப்டாப்னு எல்லாத்தையும் தொடைச்சுப் பொட்டு வைக்கிறோம். இது நிஜமாவே ஆயுதம். இதைப் போய் விடலாமா?"

முந்தின நாள் நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, என் பாவாடை நாடாவில் பனியன் துணியைக் கட்டி, குழலின் ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுத்திருக்கிறார். நான் பார்த்ததெல்லாம் ரைஃபிளின் மரக்கட்டையில் இருந்த சந்தனப் பொட்டு மட்டும்தான்.

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டிக்கு மொத நாளு எவனாச்சும் பாரலைத் தொடைப்பானா நைனா? உள்ளாற குண்டோட ஈயம் லேசா படிஞ்சிருக்கணும். பளபளன்னு ஆக்கிட்டா மொத இருவது குண்டு அது இஷ்டத்துக்குத்தான் போவும். இதுல எண்ணெ வேற! அது பத்திகினு குண்டை மேல தூக்குது."

"எண்ணெய் இந்த வருஷம்தான் சார், ஸ்பெஷலா. போன ரெண்டு வருஷமும் வெறும் துணிதான்" என்றார் இவர், நல்ல பிள்ளையாக.

போன ரெண்டு வருஷமுமா!

ரைஃபிளை மேஜையில் வைத்துவிட்டேன். கையில் வைத்திருந்தால் கட்டைப் பக்கத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியிருப்பேன்.

கிளப் விதிப்படி குறி சரிபார்த்துக்கொள்ள ஐந்து குண்டு, கணக்குக்கு இருபது. யாருக்கும் சலுகை கிடையாது. ஏழாவது குண்டு வரை புகைந்தது. அதற்குப் பிறகும் பாதி அட்டையை மேய்ந்துவிட்டு, கடைசி ஐந்து மட்டும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. எனக்கு ஐந்தாவது இடம். அழுகை வந்தது. ஆனால் அந்த ஓட்டையைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் வந்தது.

திரும்பும்போது பூந்தமல்லியில் இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் மெதுவாக, "அடுத்த வருஷம் பொட்டு மட்டும் வைக்கிறேம்மா" என்றார்.

"வண்டியை நிறுத்துங்க" என்றேன்.

கடையில் இரண்டு காபி சொன்னேன். ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். இரண்டும் எனக்குத்தான் என்றேன். விளிம்பு வரை நிரம்பியிருந்த முதல் டம்ளரை எடுத்து, கையை நேராக நீட்டி, அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.

ஒரு சொட்டுத் தளும்பவில்லை.