சுவருக்கு மேலே கேட்ட வேதம்

வட்டவளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். ஐவி நடுக் காம்பரா. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாகலெட்சுமி.

ஐவி கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இறந்த வருடம் சர்ச்சுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். பாஸ்டர் வீடு தேடி வந்து, “தினம் கொஞ்சம் வேதம் வாசிங்கம்மா, அது போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சாமி இருக்காரா இல்லியான்னு எனக்குத் தெரியல. புஸ்தகம் இருக்கு, வாசிப்போம்” என்றாள் என்னிடம்.

பிடித்தவள் விடவில்லை. வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் உரக்க வாசிப்பாள். மனசுக்குள் வாசித்தால் தூக்கம் வருகிறதாம். அவள் தூக்கம் கலைந்ததோ இல்லையோ, என் தூக்கம் போயிற்று. புது வருடம் பிறந்தால் புதிய ஏற்பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். மெல்ல மெல்ல ஆள் மாறினாள். சர்ச்சுக்குப் போகத் தொடங்கினாள். நோயில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். புருஷன் பேச்சு வந்தால் அழாமல் பேசினாள். வாய்த்துடுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய வெயில் காலத்தில், ஊற்றிலிருந்து அவள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாய் அறுந்து கிடந்தது. ஐவி நேரே போய் நாகலெட்சுமியின் வாசலில் நின்றாள்.

“நீதான் அறுத்த. ஒம்புள்ளைங்களுக்கு விக்கினா ஒரு வாய் தண்ணி கெடைக்காமப் போவட்டும்” என்றாள், லயமே கேட்க.

நாகலெட்சுமிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுவாரம் காட்டுப்பன்றி ஒன்று ஊற்றுப் பக்கம் குழாயைக் கடித்து இழுப்பதைக் கங்காணியே பார்த்துவிட்டு வந்து சொன்னார். “பன்னின்னு தெரிஞ்சிருச்சில்ல, இனி என்ன பேச்சு?” என்று ஐவி விட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு நாக்கு வளையவில்லை.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வாசிப்பு மட்டும் தினமும் சுவர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இந்தத் தை மாதம் நாகலெட்சுமிக்குக் குவைத்தில் வீட்டு வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புக்கு வேன். அதே ஞாயிறு ஐவியின் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைக்கென்று ஆசையாக வளர்த்த சேவலைக் காலைக் கட்டி வாசலில் போட்டிருந்தாள். லயத்தில் எல்லோரும் நாகலெட்சுமியிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தார்கள். ஐவி போகவில்லை. இத்தனை வேதம் வாசித்து என்னத்தைக் கண்டாள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

ஞாயிறு காலையும் வாசித்தாள். மத்தேயு. கொலை செய்யாதே என்பதில் தொடங்கி, சகோதரன் மேல் கோபப்படுவதும் அவனைத் திட்டுவதும் குற்றம் என்று போனது. அங்கே சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது.

சுவருக்கு மேலே நாகலெட்சுமியின் குரல் வந்தது.

“ஏன்க்கா நிறுத்திட்டீங்க? காணிக்கைய அங்கயே வச்சிட்டு, மனஸ்தாபப்பட்டவங்ககிட்ட மொதல்ல போன்னு வருமே, அந்த எடந்தானே?”

ஐவி புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது, கதவும் திறந்தது. நான் படுத்துக் கிடப்பேனா? வாசலுக்கு வந்துவிட்டேன். ஐவி சேவலைத் தாண்டிப் போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். அன்றைக்கு மாதிரியே லயம் கேட்கத்தான் பேசினாள்.

“நாகு, பன்னிதான்னு தெரிஞ்ச அன்னிக்கே நான் வந்திருக்கணும். புள்ளைங்கள அப்படிச் சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிரு.”

நாகலெட்சுமி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்: “போன வருஷமும் அந்த எடம் வந்திச்சி. முழுசா வாசிச்சீங்க. அக்கா வருவாங்கன்னு தேத்தண்ணிக்குக் கேத்தல அடுப்புல வச்சிட்டு ஒக்காந்திருந்தேன். தண்ணி வத்தித்தான் போச்சி.”

ஐவி தன் காம்பராவுக்குள் போனாள். அடுப்பில் கேத்தலை வைத்து ஊதுகிற சத்தம் கேட்டது. கீழே ரோட்டில் வேன்காரன் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

நாகலெட்சுமி தோளில் மாட்டிய பையைக் கழற்றி வாசற்படியில் வைத்தாள்.

“அடிக்கட்டும்” என்றாள். “தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவேன்.”