புள்ளிக்குப் பின்னால் எட்டு

அந்தக் கால்வாய்க்கரைத் தெருவில் எதை அளக்க வேண்டுமானாலும் ஃபிக்ரியாவைத்தான் கூப்பிடுவார்கள். விதை, உரம், கல்யாணச் சோற்றுக்கு அரிசி, எதுவானாலும் அவள் அளந்தால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். புருஷன் போனபின் தன் பன்னிரண்டு கிராத் நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். தம்பி மஹ்ரூஸின் எட்டு கிராத்துக்கும் அவள் சொன்னதுதான் கணக்கு.

இருபத்துநாலு கிராத் சேர்ந்தால் ஒரு ஃபத்தான், ஏறக்குறைய ஒரு ஏக்கர். முன்பெல்லாம் களைக்கொல்லியைக் கிராத்துக்கு ஒரு மூடி என்று ஊற்றுவார்கள். இந்த வருஷம் புது மருந்து வந்தது. ஃபத்தானுக்கு முந்நூறு மில்லி என்று புட்டியில் போட்டிருந்தது. ஃபிக்ரியா தான்தா டவுனில் வாங்கிய கால்குலேட்டரை எடுத்தாள். இரண்டு ஃபத்தான் எட்டு கிராத் என்றால் இரண்டு புள்ளி எட்டு என்றுதான் அவள் எழுதுவது வழக்கம். அப்படியானால் வெறும் எட்டு கிராத், பூஜ்யம் புள்ளி எட்டு. அதை முந்நூறால் பெருக்க இருநூற்று நாற்பது வந்தது. ஊசிக்குழாயில் சொட்டுப் பிசகாமல் எடுத்து ஜாடியில் விட்டாள்.

மஹ்ரூஸ் ஜாடியைத் தூக்கிப் பார்த்தான்.

“யக்கா, கொஞ்சம் அதிகமாத் தெரியல?”

“நீ மூக்கொழுகிக்கிட்டுத் திரிஞ்சப்பவே நான் கூட்டுறவுல வரிசையில நின்னு உரம் வாங்கினவடா. கொண்டு போய் அடி.”

அவன் அடித்தான். ஒரு வாரத்தில் கோதுமைத் தாள் நுனியிலிருந்து மஞ்சளித்தது. அப்புறம் வைக்கோல் நிறமாகிப் படுத்துவிட்டது. அந்த வீட்டின் ஒரு வருஷ ரொட்டி அது.

தெருவே வரப்பில் கூடியது. மஹ்ரூஸ் யாருடைய முகத்தையும் பார்க்காமல், “காத்துல அடிச்சுட்டேன். அடிச்ச சால்லயே திரும்பவும் அடிச்சிருப்பேன்” என்றான்.

“கையா அது, ஓட்டைச் சல்லடை” என்றாள் அவன் பெண்டாட்டி சனிய்யா. “அளந்து குடுத்தவங்க ஒழுங்காத்தான் குடுத்தாங்க. அடிக்கத் துப்பில்லை.”

ஃபிக்ரியாவும் சேர்ந்துகொண்டாள். “காத்தடிக்குதுன்னா நாளைக்கு அடிக்கணும். இதைக்கூடவாடா நான் சொல்லித் தரணும்?”

அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

மழையால் விதைப்பு தள்ளிப்போன தன் நிலத்துக்கு மருந்து கலக்க அவள் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு கிராத். புள்ளி போட்டு ஒன்று, இரண்டு என்று தட்டினாள். பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு. கை நின்றது. தன் நிலம் அரை ஃபத்தான் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். எட்டு கிராத்துக்குப் புள்ளி எட்டு. அதைவிடப் பெரிய நிலத்துக்கு அதில் கால்வாசிகூட இல்லையா? கால்குலேட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள்.

பன்னிரண்டை இருபத்துநாலால் வகுத்தாள். புள்ளி ஐந்து. சரிபாதி.

எட்டை இருபத்துநாலால் வகுக்க அவளுக்கு மனமே வரவில்லை. வகுத்தாள். புள்ளிக்குப் பின்னால் மூன்று, மூன்று, மூன்று என்று திரை முழுக்க நிறைந்தது. மூன்றில் ஒரு பங்கு. மருந்து நூறு மில்லி. அவள் கொடுத்தது இருநூற்று நாற்பது.

காதுமடல் கொதித்தது. சல்லடை என்று சனிய்யா சொன்னபோது தானும் சேர்ந்துகொண்டது ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கால்குலேட்டரை மாவுப் பானைக்குள் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை எடுத்து மாவைத் துடைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

மஹ்ரூஸ் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடை ரொட்டி.

“சாப்பிட வாக்கா.”

“காத்து இல்லடா” என்றாள், நின்றபடியே. “நான்தான். எட்டு கிராத்தைப் புள்ளி எட்டுன்னு போட்டுட்டேன். ரெண்டு பங்குக்கு மேல போயிருச்சு.”

“காத்தும்தான் இருந்துச்சு” என்றான் அவன் தட்டைப் பார்த்து.

அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனத்தது.

சனிய்யா புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். “இத்தனை நாள் இவரை நான் பேசாத பேச்சில்லையே அண்ணி. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க.”

“நின்னேன்.”

 வெளியே எருமை கத்தியது.

“என் அறுப்புல பாதி உங்களுக்கு” என்றாள் ஃபிக்ரியா.

“பாதின்னா எவ்வளவு? உங்க கணக்குலயா?”

மஹ்ரூஸ் பெண்டாட்டியை முறைத்தான். ஃபிக்ரியா கையால் தடுத்தாள்.

“ஆறு கிராத்து” என்றாள். “ஃபத்தான்ல கால். புள்ளி ரெண்டு அஞ்சு.” கால்குலேட்டரைச் சனிய்யா பக்கம் நீட்டினாள். “வகுத்துப் பாத்துக்க.”

சனிய்யா அதை வாங்கினாள். ஆறு, வகுத்தல், இருபத்துநாலு என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். அவள் தட்டி முடிக்கும்வரை ஃபிக்ரியா தலை குனிந்து நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கணக்கை இன்னொருத்தி சரிபார்த்தாள்.