அபாயமில்லாத சேறு

காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அங்கே நின்றபடி ஒரு காபி, பிறகு குடவாசல் பஸ். மடியில் இருந்த பையை விடவேயில்லை. அதில் ஆய்வகத்தின் முடிவு இருந்தது. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்கிறேன், முதன்முதலாக என் கையால் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகத்தான் இருந்தது, முடிவைப் பார்க்கும்வரை.

குடவாசலில், நான் மண் எடுத்த வயலுக்குச் சொந்தக்காரரான தனபால் அண்ணன் பைக்குடன் நின்றார். அவர் ஊர் ஐந்து கிலோமீட்டர். வழியெல்லாம் சம்பா நடவுக்குச் சேறடித்த வயல்கள். முடிவைப் பற்றி அவர் கேட்கவில்லை. டிராக்டர் வாடகை ஏறியதைப் பற்றியே பேசிக்கொண்டு ஓட்டினார்.

நடந்தது இதுதான். அவர் வயலுக்குப் பக்கத்தில் எண்ணெய் தேடித் துளை போட்டார்கள். துளையிடும் கருவி சூடேறாமலிருக்க ஊற்றிய சேற்றை ஒரு குழியில் தேக்கிவிட்டு, எண்ணெய் கிடைக்காமல் கிளம்பிவிட்டார்கள். காய்ந்த சேறு சாம்பல் நிறத்தில் வழவழவென்று, வாய்க்காலில் வெட்டியெடுக்கும் வண்டல் போலவே இருந்தது. கோடையில் வண்டல் அடித்து வயலுக்குத் தெம்பு ஏற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். காவலுக்கு இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தனபால் அண்ணன் டிராக்டரில் அள்ளிவந்து பரப்பிவிட்டார். குறுவை நாற்று, நட்ட வாரமே நுனி கருகிப் படுத்துவிட்டது.

“வெண்ணெய் மாதிரி இருக்குடின்னு சொன்னாரு,” என்றார் அவர் மனைவி வசந்தா அக்கா. “நானும் நம்பி ஒரு கூடை முருங்கைக்குப் போட்டேன். அதுவும் போச்சு.” சிரிக்கத்தான் பார்த்தார்.

வரப்பில் நின்றே இருவரிடமும் முடிவைச் சொன்னேன். எண்ணெய் கலந்த சேறு என்றால் சட்டப்படி அபாயக் கழிவு. துளை போட்டவர்களே அள்ளிக்கொண்டு போயாக வேண்டும். இது தண்ணீரில் கரைத்த சேறு. எண்ணெய் இல்லை, உப்புதான் ஏராளம். நெல்லைக் கருக்க அந்த உப்பு போதும். அபாயக் கழிவு என்று பெயர் வாங்கப் போதவில்லை.

“விஷம்னு வந்துடணும்னு வேண்டிக்கிட்டேங்க,” என்றார் அக்கா. “யாராவது இப்படி வேண்டுவாங்களா?”

அவசரமாக அடுத்ததைச் சொன்னேன். தண்ணீர் கட்டி, நிறுத்தி, வடித்துவிட்டால் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தனபால் அண்ணன் பள்ளத்துப் பக்கம் கைகாட்டினார். வடிகிற தண்ணீருக்கு அவர் தம்பி வயலை விட்டால் வேறு வழி கிடையாது. தம்பி நேற்றுதான் நடவு முடித்திருந்தார்.

“என் உப்ப அவன் சோத்துல கொட்டச் சொல்றீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. மேல்மண்ணைச் சுரண்டிவிடலாமே என்றேன். சுரண்டி எங்கே கொட்டுவது என்றார். அவர் மண்வெட்டியை எடுத்து, கசிந்துகொண்டிருந்த மடையில் நாலு வெட்டு மண் போட்டுக் காலால் மிதித்தார். வாய்க்கால் தண்ணீர் அவர் வயலைத் தாண்டிப் போயிற்று. அவருக்கு இந்தச் சம்பா இல்லை.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றார் அக்கா. சோறு வைக்கும்போது, “இந்த வருஷம் ரேஷன் அரிசிதாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டையாக வரும். எந்த வயல் என்று யாரும் கேட்டதில்லை. கும்பகோணம் வரை எல்லா வயலிலும் தண்ணீர் நின்றது. அந்த ஒரு வயல் சாலையிலிருந்து தெரியாது.