நின்றபடி வாசித்த நாவல்

சண்டிலிப்பாயில் இருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. இருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் பையை வாங்குபவள் தபாற்கந்தோரில் வேலை செய்பவள், என் வயதுதான். வாங்கிய கையோடு அதன்மேல் ஒரு நாவலை விரித்துவிடுவாள். என் பை அவளுக்கு மேசை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரீட்சைக்குப் பிறகு நான் புத்தகம் தொட்டதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க டொக்டர்மாரின் கிறுக்கல்களை வாசிப்பதே போதும் என்றிருந்தேன். ஆனால் நிற்பவள் கண்ணை எங்கே வைப்பது? ஒருநாள் குனிந்து பார்த்தேன். கதையில் ஒருவன் சொந்தத் தங்கையின் கலியாணத்துக்குப் போகாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தான்.

“என்ன சென்மமப்பா உவன்?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். “நீரும் வாசிக்கிறீரோ?” என்று புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் சரித்தாள். அன்றிலிருந்து பக்கம் முடிந்ததும் “திருப்பட்டோ?” என்று கேட்பாள். நான் “ஓம்” என்ற பிறகுதான் திருப்புவாள். மானிப்பாய் தாண்டியும் நான் அவனைத் திட்டிக்கொண்டே போவேன்.

கதை முடியுமுன் அவளுக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. மிச்சத்தை வீட்டிலேயே வாசித்து முடித்து, புத்தகத்தை நூலகத்தில் கொடுத்தும் விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவன் ஏன் போகேல்லையெண்டு மட்டும் சொல்லும்.”

“சொல்லமாட்டன். எடுத்து வாசியும்.”

போகும்வரை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நூலகத்தில் அங்கத்தவராகி அதே புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்துக்குப் பாயத்தான் நினைத்தேன். நடுவில் இருந்து வாசித்தவள்தானே, தொடக்கத்தையும் ஒருக்கால் பார்ப்போம் என்று முதற்பக்கத்தைப் புரட்டினேன்.

அந்தத் தங்கைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவன். திட்டிய வாயை மூடிக்கொண்டு வாசித்தேன். சோறு அடிப்பிடித்தது மணத்த பிறகுதான் தெரிந்தது. அழுகை வந்தது, சந்தோசமாகவும் இருந்தது. இத்தனை வயதுவரை இதை விட்டுவைத்தேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

மன்னாரில் இருந்தவளுக்குப் போன் எடுத்தேன். “அந்த மனிசன் பாவமப்பா.”

“முடிச்சிட்டீரோ?”

“இல்லை, இன்னும் பாதி கிடக்கு.”

அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். “சரி, அவன் ஏன் போகேல்லையெண்டால்…” என்று தொடங்கினாள்.

“வாயை மூடும்,” என்றேன். “நான் வாசிக்கிறன்.”