நாத்தனார் வாங்கிய மோடம்

போன வாரம் வேளச்சேரியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தகங்களுக்குப் பிழை திருத்திய சம்பாத்தியத்தில் அவரே வாங்கிய ஃப்ளாட் அது. இணைய கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன வைஃபை பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, தான் வாங்கி வந்த பெட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று எனக்குத்தான் பதைத்தது. அவருக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூர் வீட்டில், இப்படி ஒரு வேலையை அவர் முதன்முதலாகச் செய்தபோதும் நான் பக்கத்தில் இருந்தேன்.

ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். முப்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வார். ஆனால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் உதட்டையும் எப்படிப் பார்ப்பது? வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். நான் மருமகளாக வந்து சில வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு பதிப்பகம் பாடப் புத்தகங்களைத் திருத்தும் வேலையை அவருக்குச் சோதனையாகக் கொடுத்தது. அத்தியாயங்கள் மின்னஞ்சலில் வரும். திருத்தி அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்கு இணையம் வந்தது.

இணைய கம்பெனி கொடுத்த மோடம் கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகிய ஓர் அட்டை. ஃபோன் லைன் வழியாக டயல் செய்யும்போது கொர்ரென்று கத்தும். லைன் எங்கேஜ்டா, சேர்ந்துவிட்டதா என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். "சேந்துச்சாம்மா?" என்று நாத்தனார் கேட்க, மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்து தலையாட்டுவார். நடுவில் சந்தேகம் வந்தால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, "இரையுது, லைன் இருக்கு" என்பார். அப்படி ஃபோனை எடுப்பதே லைனை அறுத்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. அனுப்பிய அத்தியாயங்கள் பாதியிலேயே நின்றன. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பெங்களூரிலிருந்து எழுதிவிட்டார்கள்.

அதை நாத்தனார் இரண்டு தடவை படித்தார். பிறகு கம்பெனி ஆளை வரவழைத்தார்.

"வெளிய வைக்கிற மோடம் இருக்காமே, லைட்டெல்லாம் எரியுமாம். அத மாத்திக் குடுங்க."

"நாங்க குடுக்கிறது இதான் மேடம். வேற போட்டீங்கன்னா நாங்க பொறுப்பில்ல."

அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பொறுப்ப நான் ஏத்துக்கறேன். நீங்க லைன மட்டும் குடுங்க."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனார். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "சவுண்டு சூப்பரா கீதுக்கா" என்று ஆரம்பித்தார்.

"சவுண்டு வேணாம்பா. எந்த லைட்டு எரிஞ்சா என்ன அர்த்தம்? அதச் சொல்லு."

கடைக்காரருக்கு விஷயம் புரிந்தது. முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இது நின்னு எரிஞ்சா லைன் கீதுன்னு அர்த்தம். இதுங்க ரெண்டும் துடிச்சிக்கினே இருந்தா மேட்டர் போய்க்கினு வந்துக்கினு இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறந்து அட்டையைப் பிடுங்கினார். "கம்பெனிக்காரன் கேட்டா என்னடி சொல்லுவே?" என்று மாமியார் புலம்பியது அவர் முதுகுக்குத்தான். புதுப் பெட்டியை இணைத்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கூடவே வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கழற்றினார், மாட்டினார், மறுபடி முதலிலிருந்து. எனக்கே வெறுத்துப்போய், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அன்று அனுப்ப வேண்டிய அத்தியாயம் காத்திருந்தது.

சாயங்காலம் ஒருவழியாகக் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டது; டயல் செய்ததும் பெட்டி கத்தியது. சத்தம் கேட்டு மாமியார் மாவுக் கையோடு ஓடி வந்து, சொல்வதற்கு வாயைத் திறந்தார். நாத்தனார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சின்ன விளக்கு ஒன்று மினுக்கி, அணைந்து, பிறகு அசையாமல் நின்று எரிந்தது.

"சேந்துடுச்சும்மா," என்றார் நாத்தனார்.

பக்கத்து விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. அத்தியாயம் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து, வாசலில் மணி அடிப்பதையும் குக்கர் கூவுவதையும் மகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவர் என் மாமியார். மகளையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "அடுப்புல பால் இருக்கு," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.